இடும்பன் இறக்கி வைத்த மலை

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கிலிருந்து உள்ளே திரும்பும் செம்மண் சாலையில் ஒரு தோட்டத்துக் கோயில் இருக்கிறது. சுற்றி இருந்த தொழிலாளர் லயங்களை இடித்துப் பல வருஷமாகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அந்தச் செம்பனையையும் ஒருமுறை சாய்த்து மறுநடவு செய்துவிட்டார்கள். கோயில் மட்டும் நிற்கிறது. முன்மண்டபத்து உத்திரத்தில் பழைய வேட்டி சுற்றிய ஒரு மூட்டை தொங்கும். தை பிறந்ததும் பூசாரி ஏணி வைத்து அதை இறக்குவார். உள்ளே ஒரு காவடி. தோள் பட்டுப் பட்டு வழுவழுவென்று ஆகிவிட்ட மரத்தண்டு, இரு முனையிலும் ஒரு பலகை, அவற்றை இணைத்து வளைத்த பிரம்பு, சாயம் போன சிவப்புத் துணி, கொஞ்சம் மயிலிறகு, பித்தளைச் செம்பு கட்டத் தொங்கும் கயிறு. ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம்.

அதே வாரம் எங்கள் தாமான் குடியிருப்பில் நான்கு வீடு தள்ளி, கார் நிறுத்துமிடத்தில் பையன்கள் வேறொரு காவடி கட்டிக்கொண்டிருப்பார்கள். அலுமினியச் சட்டம், இடுப்பில் இறுக்கும் பட்டை, தோளுக்குப் பஞ்சு வைத்த தாங்கி, நுரைப்பலகையில் வெட்டிய மயில், உச்சியில் முருகன், சுற்றிலும் சின்னச் சின்ன மின்விளக்கு. சட்டத்திலிருந்து உள்நோக்கி நீளும் கம்பிகள் உடம்பில் போய்க் குத்தி நிற்கும். இருவர் பிடித்தால்தான் அது எழும்பும்.

அதுவும் காவடி, இதுவும் காவடி. இரண்டுக்கும் பூர்வீகம் பழனி. ஒன்று எப்படி மற்றொன்றானது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ‘இந்தக் காலத்துப் பையன்களின் ஆடம்பரம்’ என்பார் ஒருவர். ‘பக்தி கூடிவிட்டது’ என்பார் இன்னொருவர். எனக்கு இரண்டிலும் முழு உடன்பாடில்லை. பழனியில் காவடி எதற்காக இருந்தது என்று பார்த்தால், இங்கே அது ஏன் இப்படி வளர்ந்தது என்பது ஓரளவு பிடிபடும்.

பழனி மிகப் பழைய ஊர். அகநானூற்றின் முதல் பாட்டிலேயே மாமூலனார் ‘பொதினி’ என்று ஓர் இடத்தைச் சொல்கிறார். அது நெடுவேள் ஆவி என்பவனுடைய ஊர். அந்தப் பொதினிதான் பழனி என்பது அறிஞர் பலர் ஏற்றுக்கொண்ட கருத்து. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் இந்த ஆவியர் குடியில் வந்தவன். முருகன் மலையில் மயில் மேல் இரங்கிய ஒரு மன்னன்! இப்படிப் பொருத்தங்கள் வந்து விழும்போது நம்மவர்களுக்குக் கதை சொல்லக் கசக்குமா?

ஆறுபடை வீடுகளில் மூன்றாவது பழனி என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் திருமுருகாற்றுப்படை சொல்வது ஆவினன்குடியை. அது மலையடிவாரத்தில் இருக்கிற கோயில். மேலே, கிட்டத்தட்ட 700 படிகளுக்கு அப்பால், கையில் தண்டோடு ஆண்டிக் கோலத்தில் நிற்பவர் தண்டாயுதபாணி. ஞானப்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு வந்த கதையை இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சிலையைப் போகர் நவபாஷாணத்தில் செய்தார் என்பது நம்பிக்கை. மலைமேல் கோயிலுக்குள்ளேயே போகர் சமாதி இருக்கிறது. சாமி மேற்குப் பார்த்து நிற்கிறார், அதாவது சேர நாட்டைப் பார்த்து. சேரமான் பெருமாள் கட்டிய கோயில் என்கிறது தலபுராணம். இன்றைக்கும் மலையாளிகள் கூட்டம் கூட்டமாக அங்கே வருகிறார்கள். 1966 முதல் மேலே போக விஞ்ச் இருக்கிறது, 2004 முதல் ரோப் கார். முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனாலும் படியேறினால்தான் பழனி போன மாதிரி என்று பெரியவர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டே சொல்வார்கள்.

படியேறும் வழியில் இடும்பனுக்கு ஒரு சன்னதி உண்டு. அவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்பது முறை. என் கணக்கில் இந்த விஷயம் முழுவதும் அவன் தலையில்தான் நிற்கிறது.

கதை இதுதான். அகத்தியர் கயிலையில் சிவகிரி, சக்திகிரி என்று இரண்டு குன்றுகளைப் பெற்றார். அவற்றைத் தெற்கே பொதிகைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வேலையை இடும்பன் என்ற அசுரனிடம் கொடுத்தார். பிரம்மதண்டம் தோள்தண்டானது, பாம்புகள் உறியானது. இரண்டு குன்றையும் இரு பக்கமும் கட்டித் தூக்கிக்கொண்டு இடும்பன் கிளம்பினான், கூடவே மனைவி இடும்பி. ஆவினன்குடிக்கு வந்ததும் களைப்பு. கொஞ்சம் ஆறலாம் என்று இறக்கி வைத்தான். மறுபடி தூக்கினால் ஒரு குன்று அசையவில்லை. மேலே பார்த்தால் கோவணத்தோடு ஒரு சிறுவன். இறங்கு என்றால், மலை என்னுடையது என்கிறான். சண்டை மூண்டது, இடும்பன் விழுந்து செத்தான். இடும்பியும் அகத்தியரும் வேண்டிக்கொள்ள, உயிர் திரும்பியது. அதோடு வரமும் கிடைத்தது. அவன் சாமிக்குக் காவலாக நிற்பான். அவனைப் போலவே தோளில் காவடி சுமந்து வருகிறவர்களுக்கு முருகன் அருள் செய்வான். சிவகிரிதான் கோயில் இருக்கும் மலை. பக்கத்தில் நிற்கும் இன்னொன்றை இன்றைக்கும் இடும்பன் மலை என்கிறார்கள்.

இந்தக் கதையில் தவம் செய்து வரம் வாங்கியவன் இல்லை. பாட்டுப் பாடியவனும் இல்லை. யாரோ சொன்ன வேலையை, யாருக்கோ சேர வேண்டிய பாரத்தை, வடக்கேயிருந்து தெற்கே தூக்கிக்கொண்டு வந்து, ஓய்வுக்கு இறக்கி வைத்த இடத்தில் மாட்டிக்கொண்ட ஒரு சுமைகாரன் இருக்கிறான். அவ்வளவு பாடுபட்டதற்கு அவனுக்குக் கிடைத்தது வாசல் காவல். ஆனால் அந்த வாசலைத் தாண்டாமல் யாரும் மேலே போக முடியாது.

ஆக, காவடி என்றால் முதலில் சுமை. அலங்காரமெல்லாம் அப்புறம் வந்தது. சுமந்து கொண்டுபோவதற்கு ஒரு பொருளும் நடப்பதற்கு ஒரு வழியும் வேண்டும். பழனியின் பெரிய யாத்திரைகள் எல்லாம் இந்தப் பொருளாலும் வழியாலும்தான் அடையாளம் பெற்றவை. செட்டிநாட்டு நகரத்தார் தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகச் சர்க்கரைக் காவடி எடுத்துப் பல நாள் நடக்கிறார்கள். எடப்பாடிக்காரர்கள் பூசம் முடிந்த பிறகு வந்து, பஞ்சாமிர்தத்தைத் தாங்களே கிளறி, ஓர் இரவு மலைமேல் தங்குகிறார்கள். இரவில் மலையில் தங்கும் உரிமை அவர்களுக்கு வழிவழியாக வந்தது. பங்குனி உத்திரத்துக்குக் கொங்கு நாட்டார் கொடுமுடியில் காவிரித் தண்ணீர் மொண்டு தீர்த்தக் காவடியாகக் கொண்டுவருகிறார்கள். வெயில் ஏறும் மாதத்தில் சாமியைக் குளிர்விக்க ஆற்றையே தோளில் கொண்டுபோவது என்றால், அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

காலத்தையும் கவனிக்க வேண்டும். தையில் அறுவடை முடிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து பாதை காய்ந்திருக்கும். உழவனுக்குக் கையில் நெல்லும் இருக்கும், நாளும் இருக்கும். பத்து நாள் நடந்து போய் வருவது அவனுக்கு முடிகிற காரியம். முன்பின் தெரியாத ஊர்க்காரர்களோடு ஒரே மரத்தடியில் சோறு பொங்கி, காவடிச் சிந்து பாடி, கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டு போகிற அந்த நடைதான் விரதம். மலை ஏறுவது கடைசி அரைமணி நேரம்.

பஞ்சாமிர்தமும் இந்த நடைக்குச் சொந்தக்காரன்தான். 2019ல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மலை வாழைப்பழம், குறிப்பாக விருப்பாச்சி. அப்புறம் நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. அந்த மலை வாழையிலேயே நீர்ச்சத்துக் குறைவு, மிச்சத்தைச் சர்க்கரை பார்த்துக்கொள்ளும். அதனால் பல நாள் கெடாது. நடந்து வந்தவன் நடந்தே திரும்பி ஊரில் எல்லோருக்கும் ஆளுக்கொரு விரல் கொடுக்க வேண்டும் என்றால் பிரசாதம் அப்படி இருந்தாக வேண்டும். இங்கே எங்கள் கோயிலில் பெராங்கான் வாழைப்பழத்திலும் மாஸ் வாழைப்பழத்திலும் செய்து பார்த்திருக்கிறோம். ருசிக்குக் குறையில்லை. மறுநாள் காலையில் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கும். அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டியதுதான். இந்த ஊர்ப் பூசமும் அப்படித்தான், அன்றைக்கே முடிகிற பூசம்.

பழனி மலாயாவுக்குக் கப்பலில் இரண்டு வகுப்பில் வந்தது. மேல் வகுப்பில் நகரத்தாரோடு. வட்டித்தொழிலுக்குப் போன இடத்திலெல்லாம் அவர்கள் கட்டிய கோயிலுக்குப் பெயர் பெரும்பாலும் தெண்டாயுதபாணி. பழனி ஆண்டவரின் பெயரேதான். பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன், சைகோன் என்று வரிசையாகச் சொல்லலாம். பினாங்கில் அவர்கள் கோயில் 1857ஐ ஒட்டியது. பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் நகரத்திலிருந்து, முருகன் கோயில்கள் இருக்கும் தண்ணீர்மலைக்குப் புறப்படும். செட்டியார்கள் வெறுங்காலோடு மயில் காவடி தூக்கி ஆடி வருவார்கள். அலகு கிடையாது. அவர்கள் காவடி இன்றைக்கும் கிட்டத்தட்டக் குன்றக்குடிக் காவடிதான்.

கீழ்த்தட்டில் வந்தவர்கள் தோட்டத்துக்குப் போனார்கள். ஆள் சேர்க்கும் கங்காணி தன் ஊர்க்காரர்களையே கூட்டிவந்தார். 1938ல் இந்திய அரசு தடுக்கும்வரை அது நடந்தது. வந்தவர்கள் தங்கள் ஊர்ச் சாமிகளையும் கொண்டுவந்தார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன், எல்லையில் முனியாண்டி, மதுரைவீரன். தோட்டத்துத் திருநாள் என்றால் மாரியம்மன் திருவிழா. தீமிதி, கரகம், அலகு எல்லாம் அங்கேதான். அந்தத் திருவிழா தோட்டத்து எல்லைக்குள் நடந்து எல்லைக்குள்ளேயே முடிந்துவிடும். தைப்பூசத்துக்கு மட்டும் வெளியே போக வேண்டும். எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு அது தண்ணீர்மலை. லோரியில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து தீவுக்குப் பெரிப் படகு ஏற வேண்டும்; பாலம் வந்ததே 1985ல்தான். மற்றத் தோட்டத்து ஜனங்களை மொத்தமாகப் பார்க்கும் ஒரே நாள் அது என்றும், பாதிக் கல்யாணப் பேச்சு அங்கே தண்ணீர்ப் பந்தலில்தான் தொடங்கும் என்றும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் அவர்களுக்குப் பத்து நாள் கிடையாது. விடியும் முன் பெரட்டுக்கு, அதாவது பேர் கொடுக்கும் அணிவகுப்புக்கு, நிற்க வேண்டும். பேர் கொடுக்காவிட்டால் அன்றையச் சம்பளம் இல்லை. தை, மாசியில் கெடாவில் மழை குறைந்திருக்கும், ரப்பர் இலை சிவந்து உதிரத் தொடங்கும். ஆனால் அது மரத்துக்கு ஓய்வு, பால் வெட்டுகிறவனுக்கு இல்லை. ஊரில் உழவனாக இருந்தவன் இங்கே நாள் சம்பளக்காரன். அவன் கையிலிருந்து போனது காலம். அதோடு வழியும் போயிற்று. பீடோங்கிலிருந்து தண்ணீர்மலைக்கு நடந்து போவதற்கு மடமும் இல்லை, தெரிந்த ஊரும் இல்லை, நடுவே கடல் வேறு. விடுமுறை என்பது இன்றுவரை எங்களுக்குக் கணக்குப் பார்க்கும் விஷயம். 2021ல் பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் கெடாவில் பூசத்துக்கு விடுமுறை தரவில்லை. அப்போது எழுந்த சத்தம் வெறும் ஒரு நாள் லீவுக்காக மட்டும் இல்லை.

சரி, வழி போய்விட்டால் நேர்த்திக்கடனை எப்படிச் செலுத்துவது? பத்து நாள் பாட்டை ஒரே நாளில் பட்டாக வேண்டும். இங்கேதான் மாரியம்மன் திருவிழாவின் பழக்கம் கைகொடுத்தது என்று நினைக்கிறேன். உடம்பில் அலகு ஏற்றுவதும் தீயில் இறங்குவதும் தெரிந்த ஜனங்கள் அவர்கள். அதைக் கொண்டுவந்து முருகன் காவடியோடு சேர்த்துக்கொண்டார்கள். பழனியிலும் அலகு குத்துகிறவர்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே அது பெருங்கூட்டத்தில் ஒரு பகுதி, நடையே பிரதானம். இங்கே நடை சுருங்கியது, சுமை பெருத்தது. கால் பட வேண்டிய பாட்டைத் தோளும் முதுகும் நாக்கும் வாங்கிக்கொண்டன. தாமானில் பையன்கள் கட்டும் அந்த மூன்றாள் உயரக் காவடி, என் பார்வையில், சுருட்டி மடித்து வைத்த ஒரு நெடுவழி.

ஆவணம் காட்டி நிரூபிக்கும் விஷயமில்லை இது, என் கணிப்புதான். ஆனால் நகரத்தார் காவடியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர்களுக்கும் இங்கே கடல் குறுக்கே இருந்தது. ஆனால் கடையை மூட நாள் அவர்கள் கையில் இருந்தது, ரதத்தோடு நாள் முழுக்க நடக்க முடிந்தது. அவர்கள் காவடி வளரவில்லை.

கோலாலம்பூர்ப் பக்கத்துப் பத்துமலைக் குகைக்கோயிலிலும் இதே கணக்கைப் பார்க்கலாம். தம்புசாமிப் பிள்ளை 1890களின் தொடக்கத்தில் அந்தக் குகையில் முருகனுக்கு வழிபாட்டைத் தொடங்கி வைத்தார்; 1892லிருந்து அங்கே தைப்பூசம் நடக்கிறது. 272 படிகள். சாதாரண நாளில் பத்து நிமிஷத்தில் ஏறி, குரங்குக்குப் பயந்து தேங்காய்ப் பையை மறைத்துக்கொண்டே சாமி கும்பிட்டு இறங்கிவிடலாம். தண்ணீர்மலையில் 2012ல் திறந்த புதிய மலைக்கோயிலுக்கு 513 படி. பழனியோடு பார்த்தால் இரண்டும் குறைவு. அதனால்தானோ என்னவோ, ஜனங்கள் வழியையும் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்கு ரதம் போகும் ஏறக்குறைய 15 கிலோமீட்டரையும் இரவெல்லாம் வெறுங்காலில் கூடவே நடக்கிறார்கள். மாரியம்மன் கோயிலிலிருந்து முருகன் கிளம்புகிறான் என்பதையும் பாருங்கள். பழனித் தைப்பூசத்துக்கும் ஊருக்குள் இருக்கும் பெரியநாயகி அம்மன் கோயிலில்தான் கொடியேறும்.

பழமைதான் யாத்திரையை உண்டாக்கும் என்று நினைப்பவர்களை எங்கள் ஊர்ப்பக்கம் கூப்பிட்டுக் காட்டலாம். ஜெராய் மலையடிவாரத்தில், மெர்போக்கில், புக்கிட் பத்து பகாட் சண்டி என்கிற பழங்கோயில் இருக்கிறது. சிவன் கோயிலாக இருந்தது என்கிறார்கள். ஆயிரம் வருஷப் பழமை இருக்கலாம். இப்போது கருங்கல் மேடையும் தூண் நட்ட கல்லும் மிச்சம். பக்கத்தில் ஓடை சலசலக்கும். பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போவார்கள். பத்துமலையை விடப் பல நூற்றாண்டு மூத்தது. ஒரு காவடி அங்கே போவதில்லை. சுமந்துகொண்டு போகிறவர்கள் அறுந்துபோனால் மலைக்கோயில் கல்லாகிவிடுகிறது.

இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது. திருச்சிக்கு நேர் விமானம் இருக்கிறது. காலையில் கோலாலம்பூரில் பசியாறிவிட்டு அன்றைக்கே பழனி அடிவாரம் போய்ச் சேரலாம். எங்கள் தாமானிலும் போய்வந்தவர்கள் நிறைய. ரஜூலா கப்பலில் ஊருக்குப் போய்வந்த தலைமுறைக்கு ஒரு தடவை வாய்த்தாலே பெரிது. இப்போது விஞ்சுக்கு வரிசையில் நின்ற கதை, மொட்டை போட்ட கதை, டின் பஞ்சாமிர்தம் வாங்கிப் பெட்டி எடை கூடிப்போய் விமான நிலையத்தில் காசு கட்டிய கதை என்று வரிசையாக வரும். அப்படிப் போய்வந்த ஒருவர், பழனியில் நம்ம ஊர் மாதிரிக் காவடி இல்லையே என்று குறைப்பட்டுக்கொண்டார். சர்க்கரைப் பொட்டணத்தைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறார்கள், இதெல்லாம் ஒரு காவடியா என்றார். சிரித்துவிட்டேன். பேரன் தாத்தாவைப் பார்த்து, நீங்கள் என் சாயலாக இல்லையே என்று கேட்ட மாதிரி இருந்தது.

காவடி உயரத்துக்கும் உருமி மேளத்தின் சத்தத்துக்கும் கோயில் நிர்வாகங்கள் கட்டுப்பாடு போடுவதும், பையன்கள் முணுமுணுப்பதும் வருஷா வருஷம் நடக்கும். எனக்கு அந்தக் கட்டுப்பாடுகளில் பாதி சரியென்றே படும். இருட்டு, நெரிசல், நடுவே ஒருவன் சாட்டையைச் சுழற்றினால் யாருக்காவது கண் போகும். ஆனால் மயில் காவடிதான் உண்மையான காவடி, மற்றதெல்லாம் கூத்து என்று சொல்பவர்களோடு சேர மாட்டேன். நாற்பத்தெட்டு நாள் கவுச்சி தொடாமல், தரையில் படுத்து, வேலைக்கும் போய்க்கொண்டிருந்த பையனை எனக்குத் தெரியும்.

பூசம் முடிந்து மூன்றாம் நாள் இடும்பன் பூசை. பழனியில் வழிச் சன்னதியில் கும்பிட்டுவிட்டுப் போகிற அவனுக்கு, இங்கே காவடி எடுத்த வீட்டு முற்றத்திலேயே படையல். நான்கு வீடு தள்ளி அந்தக் கார் நிறுத்துமிடத்தில் காவடியைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். கம்பிகளை விபூதி தடவித் துடைத்து நீளமான பையில் அடுக்கிக்கொண்டிருப்பான் தம்பி ஒருவன். எடுத்த பையன் சட்டை போடாமல் உட்கார்ந்திருப்பான். தோளில் தாங்கி அழுத்திய இடம் கன்றிப்போய் நீலமாக இருக்கும், முதுகில் புள்ளி புள்ளியாகத் தழும்பு. தலைவாழை இலை போட்டு, சோறு, குழம்பு, ஓரத்தில் ஒரு சுருட்டு. அந்த முதல் இலை இடும்பனுக்கு. பாட்டி சாம்பிராணி காட்டி முடிக்கிறவரை அந்தப் பையன் பசியோடு காத்திருப்பான். அவனுக்கு இரண்டாவது இலை.

தோட்டத்துக் கோயிலில் அந்நேரம் பூசாரி பழைய வேட்டியை உதறி, மயிலிறகைக் கழற்றித் தனியே வைத்து, ஏணியைச் சாத்திக்கொண்டிருப்பார்.